நீலம் தாண்டாத சவ்வு

வசந்தகுமாரி ஐதராபாத் தார்நாகாவில் இருந்த அரசு ஆய்வகத்தை விட்டுக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. போனாலு அம்மன் திருவிழா முடிந்து, தெருவோரங்களில் வேப்பிலைக் கொத்துகள் காய்ந்து கிடந்த 2021 ஆகஸ்டு. விருப்ப ஓய்வு. வழியனுப்பு விழாவுக்கு வந்தவர்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஆளுக்கொரு சமோசா தின்றார்கள். இயக்குநர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் அவளை ‘வசந்தலட்சுமி’ என்று கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். அவள் திருத்தவில்லை. திருத்தினால் அந்த ஆளை ஒரு பொருட்டாக மதித்ததாகிவிடும்.

ஏற்புரையில் அவள் சொன்னது இரண்டே வாக்கியம். “இந்த இடம் எனக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது. போகிற இடத்தில் அது தேவைப்படாது என்று நம்புகிறேன்.” கை தட்டினார்கள். குத்தல் புரிந்துதான் தட்டினார்களா, சீக்கிரம் முடித்துவிட்டாளே என்ற நன்றியில் தட்டினார்களா என்று சொல்வதற்கில்லை. வசந்தகுமாரியின் கணக்கில் அந்தக் கூடத்தில் புரிந்துகொள்ளக்கூடியவர் ஒருவரும் இல்லை.

அவள் அப்பா குடியாத்தத்திலிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்காக ஐதராபாத் வந்தவர். அவள் பிறந்தது, படித்தது, டாக்டர் பட்டம் வாங்கியது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இந்த ஊரில்தான். வீட்டில் பேசுகிற தமிழில் வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’வும் ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’வும் தாராளமாகக் கலந்திருக்கும். அது ஒன்றுதான் அவளிடம் தாராளம். பள்ளிக்கூடத்தில் தெலுங்குப் பிள்ளைகள் தமிழர்களைக் கேலியாகச் சொல்கிற ‘அரவம்’ என்ற பெயரால் தன்னைக் கிண்டல் செய்ததற்கு அவள் கண்டுபிடித்த மருந்து, அவர்கள் எல்லோரையும் மக்கு என்று முடிவு கட்டுவது. மருந்து நன்றாக வேலை செய்தது. பள்ளியை விட்டு வந்த பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை.

உள்ளதைச் சொன்னால் அவள் சராசரியான விஞ்ஞானி. சராசரியாக இருப்பது குற்றமில்லை. உலகத்து ஆய்வகங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களால்தான் ஓடுகின்றன. ஆனால் வசந்தகுமாரி அதைத் தன் மேல் யாரோ போட்ட பொய்வழக்கு போலவே நினைத்தாள். அவள் எழுதிய கட்டுரைகளை மேற்கோள் காட்டியவர்களில் முக்கியமானவர் அவளேதான். ஐம்பதை நெருங்கும்போது அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: தன் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒரு கண்டுபிடிப்பு. இன்னார் செய்த சவ்வு என்று நாலு நாட்டில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பென்ஷன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கணவர் வெங்கடகிருஷ்ணனின் பேச்சைக் கேட்காமல் மல்லாபூரில் ஒரு பேட்டரிக் கம்பெனிக்குப் போனாள்.

சவ்வு என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். இரண்டு தொட்டிகளில் வனேடியம் என்ற உலோகத்தைக் கரைத்த அமிலத் திரவத்தை வைத்து, பம்பு போட்டுச் சுற்றவிட்டு, அதில் மின்சாரத்தைச் சேமிக்கிற பேட்டரி ஒன்று உண்டு. பகலில் சூரிய மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும். இரண்டு திரவங்களும் சந்திக்கிற இடத்தில் நடுவே ஒரு மெல்லிய பாலிமர்ச் சவ்வு. ஹைட்ரஜன் அயனியை அது தாண்ட விட வேண்டும், வனேடியத்தைத் தாண்ட விடக்கூடாது. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வேலைதான். உள்ளே விட வேண்டியவனை விட்டு, நிறுத்த வேண்டியவனை நிறுத்த வேண்டும். எல்லா அபார்ட்மென்டிலும் போல இங்கேயும் அது சரியாக நடப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வனேடியம் மறுபக்கம் கசிந்து பேட்டரியின் சக்தி வடிந்துகொண்டே போகும். நன்றாகத் தடுக்கிற சவ்வில் மின்சாரம் திணறும். மின்சாரம் தாராளமாக ஓடுகிற சவ்வில் வனேடியமும் தாராளமாக ஓடும். இரண்டையும் ஒரே சவ்வில் சாதிக்கிறவருக்குப் பெயர் நிச்சயம்.

மல்லாபூர் கம்பெனி ராகவேந்திராவுடையது. முன்பு பிளாஸ்டிக் வாளி செய்துகொண்டிருந்த கொட்டகையில் கண்ணாடிச் சுவர் வைத்து, செடித் தொட்டி வைத்து, ‘இன்னோவேஷன் சென்டர்’ என்று எழுதி வைத்திருந்தான். அமெரிக்காவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவன். எதைப் பற்றிப் பேசினாலும் உலகத்தைக் காப்பாற்றுவதில் போய் முடிப்பான். சவ்வின் எந்தப் பக்கம் எது என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவனுக்கு வந்ததில்லை. வசந்தகுமாரியை ‘சீஃப் சயின்டிஸ்ட்’ ஆக்கினான். முதல் நாள் ஸ்டெல்லா என்ற பெண் அவளுக்குக் கொட்டகையைச் சுற்றிக் காட்ட வந்தாள். நாகர்கோவில்காரி, எம்.டெக். முடித்து வந்து இரண்டு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவள்.

“மேடம், கோட்டிங் மெஷின்ல இருந்து பாத்துட்டு வந்திருவோமா? நம்ம ரோல் எப்படி வருதுன்னு ஒருக்கா...”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் சவ்வு ஊத்தியிருக்கேன். என் டேபிள் எங்க இருக்குன்னு மட்டும் காட்டு.”

ஸ்டெல்லா மேசையைக் காட்டினாள். சுற்றிக் காட்டல் அத்தோடு முடிந்தது.

வசந்தகுமாரி சவ்வு ஊற்றியிருந்தது உண்மை. ஆனால் தார்நாகாவில் அதைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றுவார்கள். பாலிமர்க் குழம்பைக் கண்ணாடியில் பரப்பி, அடுப்பில் காயவைத்து, தண்ணீர்த் தட்டில் போட்டால் சவ்வு தானாகக் கழன்று மிதக்கும். எடுத்தால் வெறும் சவ்வு. மல்லாபூரில் இயந்திரம். அது குழம்பைக் கண்ணாடிபோல் தெளிவான ஒரு பாலியஸ்டர் தாளின் மேல் பூசி, காயவைத்து, தாளோடு சேர்த்தே உருளையாகச் சுற்றிவிடும். பயன்படுத்துமுன் அந்தத் தாளை உரிக்க வேண்டும். கொட்டகையில் தரை பெருக்குகிறவர் உட்பட எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அதனாலேயே யாரும் அதைத் தனியாகச் சொல்வதில்லை. அவளிடம் இனி சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை.

நல்ல யோசனை ஒன்று அவளிடம் இருந்ததை மறைக்கக்கூடாது. பாலிமரில் நுண்ணிய சிலிக்காத் தூளைக் கலந்தால் வனேடியம் போகிற வழி குறுகும் என்று நினைத்தாள். பலர் ஏற்கெனவே நினைத்ததுதான். கலவையை மட்டும் அவள் மாற்றியிருந்தாள். உருளை வந்தது. மின்சாரம் எப்படிப் போகிறது என்று பார்க்கிற வேலை ஸ்டெல்லாவுக்கு. அவள் தாளை உரித்துவிட்டு, துண்டு வெட்டி, அளந்தாள். அருமையாகப் போனது. வனேடியம் கசிகிறதா என்று பார்க்கிற வேலையை வசந்தகுமாரி தானே எடுத்துக்கொண்டாள். முக்கியமான வேலையில் மக்குகளின் கை படக்கூடாது. உருளையிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டி, இரண்டு கண்ணாடி அறைகளுக்கு நடுவே வைத்து இறுக்கினாள். ஒரு பக்கம் வனேடியம் கரைந்த நீலத் திரவம். மறுபக்கம் நிறமில்லாத அமிலக் கரைசல். நீலம் தாண்டினால் மறுபக்கமும் வெளிர்நீலமாகும்.

ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. வாரம் ஓடியது. மறுபக்கம் மினரல் வாட்டர் பாட்டில் போலத் தெளிந்து நின்றது. கொட்டகையே வந்து பார்த்தது. ராகவேந்திரா அந்தக் கண்ணாடிச் சாமானோடு நின்று படம் எடுத்துக்கொண்டான்.

“ஜீரோவா மேடம்? நிஜமா ஜீரோ?”

“கருவி அளக்கக்கூடியதுக்கும் கீழே.”

“அது ஜீரோதானே?”

“உங்க பாஷையில, ஹவ்.”

பூஜ்யம் வந்தால் முதலாண்டு ஆராய்ச்சி மாணவன்கூடத் தன் கையைச் சந்தேகப்படுவான். ஏதோ அடைத்திருக்கிறது, ஏதோ ஒட்டவில்லை என்று கழற்றிப் பார்ப்பான். சந்தேகத்தையெல்லாம் மற்றவர்கள் மேலேயே செலவழித்துவிட்டவளுக்குத் தனக்கென்று எதுவும் மிச்சமிருக்கவில்லை. அவள் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்துப் பார்த்த வெளிநாட்டு மதிப்பீட்டாளர் ஒருவர், மறுபடி செய்து காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். அவரையும் மக்குக் கணக்கில் சேர்த்துவிட்டு, அதே உருளையிலிருந்து தன் கையாலேயே மூன்று துண்டு வெட்டி மூன்று முறை செய்தாள். மூன்றும் பூஜ்யம். இப்படி ஒரு கச்சிதமான முடிவு அவள் வாழ்க்கையில் வந்ததேயில்லை. கட்டுரை அச்சாகிவிட்டது.

பேகம்பேட்டில் ஒரு ஓட்டலில் தொழில் கூட்டமைப்பு ஒன்று அவளுக்குப் பதக்கம் கொடுத்தது. மேடைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாகப் பாதி பாதி விளக்கு. அந்த யோசனை ராகவேந்திராவுடையது. தார்நாகாவிலிருந்து பழைய சகா சுதர்சன் வந்திருந்தார். தட்டில் பன்னீரோடு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“வசந்தா, ஜீரோன்னு வந்தப்ப ஒனக்குப் பயமா இல்லையா?”

“பயந்தவங்கதான் இன்னும் அங்கேயே இருக்கீங்க.”

“அது சரி,” என்றார் சுதர்சன். “பன்னீர் நல்லாருக்கு, சாப்பிடு.” அவருக்கும் வாழ்நாளெல்லாம் பயந்து பழக்கம். அதற்குமேல் கேட்டிருந்தால் நிறைய மிச்சமாகியிருக்கும். அவர் பன்னீருக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் பெரிய பேட்டரி கட்டினார்கள். கொட்டகையின் வாசல் விளக்கு, அலுவலக மின்விசிறி, ராகவேந்திராவின் காபி மெஷின் எல்லாம் அதில் ஓடும் என்று ஏற்பாடு. அதற்கான சவ்வுகளை ஆட்கள் வழக்கம்போலத் தாளை உரித்துவிட்டுத்தான் வைத்தார்கள். பேட்டரி மற்ற எந்தப் பேட்டரியையும் போலக் கசிந்தது. தீபாவளிக்கு முன் முழு வீச்சில் ஓடியது பொங்கலுக்குள் பாதியாகிவிட்டது. அப்புறம் நடந்தது நாட்டில் வழக்கமாக நடப்பதுதான். பம்பு சரியில்லை என்றார்கள். பம்பு விற்றவன் அமிலம் சரியில்லை என்றான். அமிலம் விற்றவன் பேட்டரிக்குள் மின்முனையாக வைத்த கார்பன் துணியைக் காட்டினான். கூட்டம் போட்டார்கள், பிஸ்கட் தின்றார்கள், பம்பை மாற்றினார்கள். சவ்வைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பதக்கம் வாங்கிய சவ்வு கசிய முடியாது.

முதலீட்டாளர்கள் வருகிறார்கள், அந்த நீலச் சோதனையை நேரில் காட்டலாம் என்று ராகவேந்திரா ஆசைப்பட்டான். ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, வசந்தகுமாரி அலமாரியில் கிடந்த பழைய கண்ணாடி அறைகளைக் கழுவுவதற்காகத் திருகைக் கழற்றினாள். நடுவில் அந்தப் பழைய வட்டத் துண்டு. இத்தனை நாள் அமிலத்தில் ஊறிய சவ்வு உப்பி, ஓரத்தில் அப்பளம்போல் எழும்பியிருந்தது. அவள் நகத்தால் நெருடினாள். இரண்டாகப் பிரிந்தது. ஒரு கையில் இளமஞ்சளாக, துவண்டு, அவளுடைய சவ்வு. இன்னொரு கையில் விறைப்பாக, சுத்தமாக, புதுச் சட்டைப் பெட்டியின் மேல் இருக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள். வனேடியம் என்ன, ஐதராபாத் மழையே அதைத் தாண்டாது.

இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டாள். ஸ்டெல்லா கை கழுவிய ஈரத்தோடு வந்து, இரண்டு கையிலும் இருப்பதைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

“ஒனக்குத் தெரியுமா?”

“நீங்க வெட்டிப்போட்ட மிச்சத்துல தாளு ஒட்டியிருந்துச்சு மேடம். அன்னைக்கே பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“சொல்லணும்னுதான் வந்தேன். கதவைச் சாத்திட்டுப் போன்னீங்க. சாத்திட்டுப் போனேன்.”

“ஒரு மெயில் போட்டிருக்கலாம் இல்ல? ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்கலாம் இல்ல?”

“போட்டிருக்கலாம்.” ஸ்டெல்லா கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். “அதுக்குள்ள பேப்பர் போயிருச்சுல்லா. என் பேரு மூணாவதா இருக்கு மேடம். எனக்கும் பேப்பர் வேணும்லா? பெங்களூர்ல ஒரு எடத்துல கேட்டிருக்காங்க.”

“வெக்கமா இல்ல ஒனக்கு?”

“உங்க பேரு மொதல்ல இருக்கு மேடம்,” என்றாள் ஸ்டெல்லா.

அடுத்த மாதம் அவள் பெங்களூருக்குப் போய்விட்டாள். அவளைப் பற்றி வருத்தப்பட ஒன்றுமில்லை. அவள் நன்றாக இருக்கிறாள். அப்படிப்பட்டவர்கள் எப்போதும் நன்றாகத்தான் இருப்பார்கள்.

வசந்தகுமாரி செய்ய வேண்டியது சின்ன வேலை. பத்திரிகைக்கு ஒரு கடிதம். தாளை உரிக்க மறந்துவிட்டோம், முடிவு தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். உலகத்தில் எத்தனையோ நல்ல விஞ்ஞானிகள் இதைவிடக் கேவலமான தவறுகளைச் செய்து, எழுதி, காறித் துப்பப்பட்டு, மறுநாள் வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடிதத்தைப் படிக்கிற முகங்களை அவள் நினைத்துப் பார்த்தாள். பன்னீர் தட்டோடு சுதர்சன். வசந்தலட்சுமி என்று கூப்பிட்ட ஆள். இருபது வருஷமாக அவள் மக்கு என்று சொன்ன அத்தனை பேரும் வரிசையாக நின்று, தாளை உரிக்கத் தெரியாதவள் என்று சிரிக்கிறார்கள். கண்ணாடித் தகட்டில் வேலை பார்த்துப் பழகிய கை என்று ஒரு வார்த்தை பரிந்து பேச அவளுக்கு ஒரு ஆள் இல்லை. பேசக்கூடிய எல்லோரையும் அவளே ஒதுக்கி முடித்திருந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னாள். வெங்கடகிருஷ்ணன் ராணுவ மின்னணுத் தொழிற்சாலையில் தணிக்கைக்குப் பதில் எழுதியே தலை நரைத்தவர்.

“யாராவது கேட்டாங்களா?”

“இல்ல.”

“கேக்காத கேள்விக்கு யாரும்மா பதில் எழுதுவா? ரசம் ஊத்து.”

“தப்புன்னு தெரிஞ்சுபோச்சுங்க.”

“ஒனக்குத்தானே தெரியும்? ஒனக்குத் தெரிஞ்சதை நீயே வெச்சுக்க.”

கல்லூரியில் படிக்கிற மகன் ஹர்ஷா போனிலிருந்து தலையைத் தூக்காமல், “லைட் தீஸ்கோ அம்மா, எவ்ரு சூஸ்தாரு?” என்றான். லேசா எடுத்துக்கோ, யாரு பார்க்கப்போறாங்க. குடும்பமே ஒருமித்து ஒரு கருத்துக்கு வந்தது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

அவள் லேசாக எடுத்துக்கொண்டாள். அந்தத் தாளையும் சவ்வையும் அமிலக் குப்பைக்கான டப்பாவில் போட்டாள். முதலீட்டாளர்களுக்கு, கருவி பழுது என்று சொல்லப்பட்டது. விஞ்ஞானம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், யாராவது செய்து பார்ப்பார்கள், சரிவரவில்லை என்றால் அவர்களே எழுதுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் அது உண்மைதான். நாளைக்கும் நாளன்றைக்கும் உண்மையில்லை. ராகவேந்திராவுக்கு ஆறே மாதத்தில் வேறு ஞானம் வந்தது. சீனாவிலிருந்து லித்தியம் செல் வாங்கிப் பெட்டியில் அடுக்கினால் உலகத்தை இன்னும் வேகமாகக் காப்பாற்றலாம். “மேடம், மார்க்கெட் உங்களுக்கு ரெடியா இல்ல,” என்று கையைக் குலுக்கி அனுப்பிவைத்தான்.

இப்போது அவள் கட்கேசர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கௌரவப் பேராசிரியை. விழாக்களில் ‘ஜீரோ கண்ட மேடம்’ என்று அறிமுகப்படுத்துகிறார்கள். அவள் வணங்குகிறாள். அந்தக் கட்டுரையோ, அவள் எழுதிய மற்றதெல்லாம் சேர்ந்து சம்பாதிக்காத பெயரைச் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது. கொரியாவில், துருக்கியில், பிரேசிலில் எழுதுகிறவர்கள் எல்லோரும் முன்னுரையில், ‘கசிவே இல்லாத சவ்வும் அறிவிக்கப்பட்டுள்ளது’ என்று அவளைக் குறிப்பிட்டுவிட்டுத் தங்கள் கதைக்குப் போய்விடுகிறார்கள். எவனும் செய்து பார்ப்பதில்லை. செய்து பார்க்காமல் எடுத்து எழுதுவதுதான் இப்போது படிப்பு. காலை காபியோடு அவள் போனைத் திறந்து இன்று எத்தனை பேர் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். கூடியிருந்தால் காபி ருசிக்கும். அவள் ஆசைப்பட்டபடியே பெயரோடு ஒட்டிக்கொண்டு நின்றது சவ்வு.

போன மார்கழியில் ஒரு காலை, அந்த எண்ணிக்கைக்கு மேலே வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. தமிழில் இருந்தது.

“வணக்கம் மேடம். என் பெயர் லூர்துமேரி. திருச்சியில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். உங்கள் சவ்வைத்தான் தலைப்பாக எடுத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக உங்கள் கட்டுரையில் உள்ளபடியே செய்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் நீலம் தாண்டிவிடுகிறது. தூளை மாற்றினேன், அமிலத்தை மாற்றினேன், ஊறவைக்கும் நேரத்தை மாற்றினேன். கட்டுரை சரியாகத்தான் இருக்கிறது, உன் கைதான் சரியில்லை என்கிறார் கைடு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வரும் மாதம் என்னை நிறுத்திவிடலாமா என்று கமிட்டி கூடுகிறது. நீங்கள் தமிழ் என்று கல்லூரி இணையதளத்தில் பார்த்ததால் தைரியமாக எழுதுகிறேன். கட்டுரையில் எழுதாமல் விட்டுப்போன படி ஏதாவது இருக்கிறதா மேடம்? ஒரு வரி போதும். இல்லை என்றால் இல்லை என்றாவது சொல்லுங்கள், நான் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன். உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும்.”